ஏரிப் பறவைகளை எண்ணி இ-பேர்டில் பதியும் முறை: புதியவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாள்களில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். குறைந்தது பதினைந்து நிமிடங்கள் பறவைகளைப் பார்த்து, கண்டவற்றை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் (eBird) தளத்தில் அதன் செயலி வழியாகப் பதிந்தால் போதும். செயலியை நிறுவிக் கணக்குத் தொடங்குவது எளிது என்பதால் அதை விளக்கவில்லை. ஆனால் உங்கள் பகுதிக்குரிய பறவைப் பட்டியலை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8x42 அளவையே (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ.) பரிந்துரைப்பேன். இருபது மடங்கு பெரிதாக்கும் என்று கண்காட்சிகளில் விற்கப்படுபவை கைநடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகின்றன.

காலை ஆறரை மணிக்குள், சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். செயலியில் பட்டியலைத் தொடங்கியதும் இடத்தின் பெயரைச் சரிபாருங்கள். வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டால், ஏரியில் கண்ட முக்குளிப்பான்கள் உங்கள் தெருவின் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் 'நிலையான' வகை. கரை நெடுக நடந்தால் 'பயணம்'.

என்னைத் தடுமாறச் செய்தது எண்ணும் படிதான். முதல் ஆண்டு, நீரில் கறுப்பாகப் பரவியிருந்த நாமக்கோழிகளைப் பார்த்த மலைப்பில் 2,000 என்று எழுதிவிட்டேன். சில நாள்களில், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், அந்த எண்ணை எப்படிக் கணித்தீர்கள் என்று பணிவாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். என்னிடம் விடையில்லை. இப்போது கூட்டத்தின் ஓரத்தில் ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் பரப்பை மனத்தில் நிறுத்தி, அதே அளவுப் பரப்பு மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று இடமிருந்து வலமாகப் பார்த்துச் செல்கிறேன். மறு ஆண்டு இப்படி எண்ணியபோது 650தான் தேறியது. நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் கூட்டம் முழுவதும் மறு மூலைக்கு ஓடிவிடும். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடராமல், அடங்கியபின் முதலிலிருந்து எண்ணுவதே நல்லது. கலப்புக் கூட்டமென்றால் மொத்தத்தை முதலில் கணித்து, அதில் நீலச்சிறகி எவ்வளவு, புள்ளிமூக்கு வாத்து எவ்வளவு என்று பிறகு பிரித்துக்கொள்ளலாம். வெயிலில் கைபேசித் திரை தெரிவதில்லை என்பதால், எண்களை நான் முதலில் குறிப்பேட்டில்தான் எழுதுகிறேன்.

இறுதியில், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று செயலி கேட்கும். காகத்தையும் மைனாவையும் 'எல்லா ஊரிலும் இருப்பவைதானே' என்று விட்டிருந்தால் 'ஆம்' என்று சொல்லக்கூடாது. முழுமையான பட்டியலில்தான் ஒரு பறவை இல்லாததும் தகவலாகிறது. அடையாளம் தெரியாத பறவையை விட்டுவிடுவதால் முழுமை கெடாது. பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி ஒலியை வைத்துச் சொல்லும் பெயரைக் கண்ணாலோ காதாலோ நீங்களே உறுதிசெய்யாமல் பதியாதீர்கள்.

பின்சேர்க்கை: நால்வர் சேர்ந்து போனால் நான்கு பட்டியல்கள் வேண்டுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். வேண்டாம், ஒருவர் பதிந்து மற்றவர்களுக்குப் பகிர்ந்தால் போதும், இல்லையெனில் ஒரே கொக்கு நான்கு கொக்குகளாகிவிடும்.

மாதம் ஒருமுறையாவது அதே கரையில் அதே நேரத்தில் எண்ணுங்கள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டும் பேச்சு எங்கள் ஊரில் எழுந்தபோது, எந்த மாதங்களில் அவற்றில் கூடுகள் இருந்தன என்பதை இந்தப் பட்டியல்களைக் கொண்டுதான் காட்ட முடிந்தது. பொங்கல் கணக்கெடுப்பு முடிந்த சில நாள்களில், ஜனவரி 26 அன்று, கிராம சபை கூடும்; பட்டியலின் அச்சுப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.