நடுவழியில் பெல்ட் அறுந்தால்: முதலில் வாட்டர் பம்ப்பைப் பாருங்கள்

எஞ்சின் பெல்ட் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அறும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று ஒரு சத்தம், ஏசி போட்டால் அது இன்னும் கூடும். சில நாள் கழித்து பானட்டுக்குள் 'படபட'வென்று ஏதோ அடிக்கும். அதுதான் நார்நாராகப் பிரிந்த பெல்ட் அக்கம்பக்கத்தில் மோதும் சத்தம். அதன்பின் ஒரு 'டப்'. மீட்டரில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கல்லாக இறுகும், ஏசியில் சூடான காற்று வரும், சில நிமிடத்தில் ஹீட் முள் ஏறத் தொடங்கும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பெல்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் கோளாறாகவும் இருக்கலாம்.

விளக்கு எரிந்தவுடன் ஏசியையும் ப்ளோயரையும் அணைத்துவிட்டு, ஹசார்ட் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் இடப்பக்கம் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். 'அடுத்த பங்க் வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டிப்போய்தான் பலர் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைச் சூட்டில் வளைத்துக்கொள்கிறார்கள். அதைவிட அவசரமான விஷயம் பிரேக். குவாலிஸ், டவேரா போன்ற பழைய டீசல் வண்டிகளில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கத்தை (வெற்றிடத்தை) உண்டாக்கும் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பெல்ட் அறுந்தால் வேக்கமும் இல்லை. பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். ஆழியாறு – வால்பாறை போல 40 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையில் இறங்கும்போது இப்படி ஆனால் பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து, மலைச்சுவர் பக்கமாக ஒதுங்குங்கள். நியூட்ரலில் மட்டும் விடவே கூடாது.

நான்குவழிச் சாலை என்றால் எல்லோரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், வண்டிக்குள் உட்காரக் கூடாது. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 24 மணி நேரமும் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

அறுந்தது எந்த பெல்ட்?

பெல்ட்டில் இரண்டு வகை உண்டு. வெளியே கண்ணுக்குத் தெரிகிற பெல்ட் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், சில வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப், பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றைச் சுற்றுகிறது. இது அறுந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். மூடிக்குள் இருப்பது, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்துத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட். அது அறுந்தால் ஓடிய எஞ்சின் சட்டென்று அணைந்துவிடும். வெளி பெல்ட் முழுசாக இருந்து எஞ்சின் மட்டும் அணைந்திருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள். பெரும்பாலான எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ஒவ்வொரு தடவை செல்ஃப் அடிக்கும்போதும் சேதம் கூடும். தெரியாமல் ஒருமுறை அடித்திருந்தால் சத்தத்தை நினைத்துப் பாருங்கள்: வழக்கமான 'டுக்டுக்' தடை இல்லாமல் 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றியிருந்தால் டைமிங் போய்விட்டது. ரோட்டோரம் செய்ய எதுவும் இல்லை, வண்டியைத் தட்டு லாரியில் ஏற்ற வேண்டியதுதான்.

இனி இங்கே பேசுவதெல்லாம் வெளி பெல்ட்டைப் பற்றித்தான்.

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பானட்டைத் திறங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வாய்ப்புண்டு, கையைத் தள்ளியே வையுங்கள். ரேடியேட்டர் மூடியை இப்போது தொடவே கூடாது. ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத் தடித்த ஹோஸ் எங்கே போய்ச் சேர்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாட்டர் பம்ப் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே பெல்ட் ஓடும் வரிசையில் ஒரு புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) இருந்தால் உங்கள் வாட்டர் பம்ப் நின்றுவிட்டது. மாருதி 800, ஆம்னி, ஸ்விஃப்ட் பெட்ரோல், ஐ10 போன்றவற்றில் வெளி பெல்ட்தான் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது. டஸ்டர் 1.5 டீசல், போலோ 1.6 டிடிஐ போன்றவற்றில் அந்த வேலை டைமிங் பெல்ட்டுடையது. டஸ்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிய்ந்த வெளி பெல்ட்டின் நார், எஞ்சின் நேரடியாகச் சுற்றும் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டையும் நழுவ வைத்துவிடலாம். அதில் கிழிசலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

ஓட்டலாமா, கூடாதா?

வாட்டர் பம்ப் நின்றிருந்தால் கூடாது. கூலன்ட் ஓட்டமில்லாமல் அங்கங்கே கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், அலுமினிய ஹெட் வளையும். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை, அதைச் சுற்றிவிட ஆள் இல்லையே. ஹீட் முள்ளையும் நம்ப முடியாது. ஓட்டமில்லாத நீரில் சென்சார் சொல்வது ஒன்று, சிலிண்டர் அருகே உள்ள சூடு வேறு. ஆபத்தான வளைவில் நின்றுவிட்டீர்கள் என்றால் மட்டும், எஞ்சின் நன்றாக ஆறியபின் ஒரு நிமிடம் ஓட்டி நகர்த்திக்கொள்ளலாம்.

வாட்டர் பம்ப் வேறு வழியில் சுற்றுகிறது, போனது ஆல்டர்னேட்டர் மட்டும்தான் என்றால் பேட்டரியில் ஓட்டலாம். கணக்கு எளிது. பெட்ரோல் காரின் ஃபியூயல் பம்ப், இக்னிஷன், எஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஏட்டுக் கணக்கில் இரண்டு மணி நேரம் தாங்கும், ஆனால் பாதியைத்தான் நம்ப வேண்டும். வோல்டேஜ் 10-க்குக் கீழே போனால் எஞ்சின் அணைந்துவிடும். ஹெட்லைட் போட்டால் இன்னொரு 10 ஆம்பியர், ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் அதற்கும் அதே அளவு. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் நின்ற இடத்தில் திருப்பும்போது இவை எல்லாவற்றையும்விட அதிகம் இழுக்கும். ஆகவே பகலில் 20, 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரை அடையலாம், இரவில் முயல வேண்டாம். பாட்டு, ப்ளோயர், போன் சார்ஜர் எல்லாம் அணைந்திருக்கட்டும். கிளம்பிய பிறகு வழியில் எஞ்சினை நிறுத்தாதீர்கள், மறுபடி செல்ஃப் அடிக்கப் பேட்டரியில் தெம்பு இருக்காது.

துப்பட்டா, நைலான் கயிறு கட்டி ஓட்டும் யோசனையை யாராவது சொல்வார்கள். ஒற்றைப் பள்ளம் உள்ள பழைய வி-பெல்ட் புல்லியில் அது சில நிமிடம் நிற்கலாம். நீளவாக்கில் பல வரிகள் உள்ள இப்போதைய பெல்ட்டுக்கான வரிப் பள்ளப் புல்லியில் வழுக்கிக்கொண்டு போகும், முடிச்சு வேறெதையாவது பிய்க்கும். விட்டுவிடுங்கள்.

சரியான பெல்ட்டை வாங்குவது

அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். முதுகில் 6பிகே1750 என்பது போல எண் இருக்கும். 6 என்றால் ஆறு வரி, 1750 என்பது மில்லிமீட்டரில் நீளம். எண் அழிந்திருந்தால் பெல்ட்டை நீட்டி டேப் வைத்து அளங்கள். பழையது சற்று இழுபட்டிருக்கும், அதனால் அளவைவிட ஐந்து பத்து எம்.எம். குறைவாக இருப்பதே பொருந்தும். ஆறு வரி கிடைக்காவிட்டால் அதே நீளத்தில் ஐந்து வரி தற்காலிகமாக ஓடும். எல்லாப் புல்லியிலும் ஒரே ஓரத்துப் பள்ளத்தை விட்டு மாட்ட வேண்டும், ஊர் போனதும் மாற்றிவிட வேண்டும். ஏழு வரியை மாட்டாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பெல்ட் ஏன் அறுந்தது? வயதாகி அறுந்திருந்தால் நல்லது. ஆனால் ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் சும்மா சுற்றும் சக்கரம்), டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஆல்டர்னேட்டர், ஏசி புல்லி என ஏதோ ஒன்றின் பேரிங் ஜாம் ஆகி அறுந்திருந்தால், புது பெல்ட்டும் பத்து நிமிடத்தில் ரப்பர் கருகி அறும். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல், சீராக, ஆட்டமில்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்று மணல் அரைப்பது போலிருந்தால் பேரிங் போயிருக்கிறது. கிராங்க் புல்லி கோணலாகத் தெரிந்தால் அதன் நடுவிலுள்ள ரப்பர் விட்டிருக்கும். எஞ்சின் ஆயிலோ கூலன்ட்டோ பெல்ட் மேல் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புல்லிகளில் சிக்கிய நாரை எல்லாம் பிடுங்கி எடுங்கள். அறுந்த நுனி அடித்து ரேடியேட்டர் ஹோஸோ ஒயரோ வெட்டுப்பட்டிருக்கலாம், அதையும் தடவிப் பாருங்கள்.

ஏசி கம்ப்ரஸர் புல்லிதான் ஜாம் என்றால், அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் சுற்றும்படி குட்டை பெல்ட் போட்டு வீடு போய்ச் சேரலாம். டென்ஷனரை நடு நிலையில் வைத்து, ஒரு நூலைப் புல்லிகளைச் சுற்றி ஓட்டி அளந்து, அந்த நீளத்துக்கு வாங்குங்கள். இந்தப் புது வழியில் வாட்டர் பம்ப் முன்பு சுற்றிய திசையிலேயே சுற்றுகிறதா என்பதை உறுதி செய்யாமல் மாட்டாதீர்கள்.

மாட்டும் முறை

10 ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பட்டால் தீப்பொறிதான். பெல்ட் ஓடும் வழி பானட்டின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். வரியுள்ள பக்கம் வரிப் புல்லியில், வழவழப்பான முதுகு வழவழப்பான புல்லியில்: இந்த விதி தெரிந்தால் ஸ்டிக்கர் இல்லாமலும் வழி பிடிபடும்.

தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டியில் அதன் போல்ட் தலையையோ அரை இஞ்ச் சதுரக் குழியையோ நீளக் கைப்பிடியால் மெல்லத் திருப்புங்கள். பூட்டும் துளை இருந்தால் 4 அல்லது 5 எம்.எம். ஆலன் கீயைச் செருகலாம். எல்லாவற்றிலும் மாட்டிவிட்டு, கைக்கு எட்டும் வழவழப்பான ஐட்லரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து பெல்ட் சீக்கிரமே பிரியும். டென்ஷனரே இல்லாமல், நீண்டு கொடுத்துத் தானாக இறுகும் ஸ்ட்ரெட்ச் பெல்ட் சில வண்டிகளில் உண்டு. அதற்கு மாட்டும் கருவி வேண்டும், ரோட்டோரத்தில் கைவைக்காதீர்கள்.

கையால் இறுக்கும் வகையில் ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும் (பெரும்பாலும் 14) மேலே உள்ள அட்ஜஸ்ட் போல்ட்டையும் (பெரும்பாலும் 12) தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளி பெல்ட்டைப் போடுங்கள். பிறகு வீல் ஸ்பேனரால் வெளியே நெம்பிப் பிடித்தபடி மேல் போல்ட்டை முதலில் இறுக்குங்கள். நெம்புகோல் தடித்த உடம்பில் ஊன்ற வேண்டும், மெல்லிய அலுமினிய விளிம்பில் ஊன்றினால் உடையும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் வி-பெல்ட் 8 முதல் 10 எம்.எம். இறங்கினால் போதும். வரி பெல்ட்டை இரண்டு விரலால் முறுக்கினால் கால் சுற்று திரும்பி அதோடு நிற்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று இறுக்குவது வாட்டர் பம்ப் பேரிங்கைக் கொல்லும்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஒவ்வொரு புல்லியிலும் எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கண்ணுக்கு எட்டாத கீழ்ப் புல்லியில் ஒரு வரி வெளியே நிற்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, சில கிலோமீட்டரில் அந்த வரி உரிந்து வரும். நெகட்டிவை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி விளக்கு அணைய வேண்டும். மல்ட்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் 13.8-க்கு மேல் 14.5-க்குள் காட்டும். எஞ்சின் முழுசாக ஆறியிருந்தபோது கூலன்ட் அளவு பார்க்கவில்லை என்றால் இப்போது ரிசர்வ் டாங்க்கில் மட்டும் பாருங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு ஹீட் முள் வழக்கமான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தபின் கிளம்புங்கள்.

கீச் சத்தம் தொடர்ந்தால் ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் பாட்டிலிலிருந்து சிறிது தண்ணீர் தெளியுங்கள், கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொண்டு. சத்தம் சற்று அடங்கினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால் இறுக்கம் போதவில்லை. கையால் இறுக்கிய பெல்ட் முதல் 100 கிலோமீட்டருக்குள் சற்றுத் தளரும், எஞ்சினை ஆறவிட்டு ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.