ரயிலும் ஃபிளைட் கணக்குதான்: ஜெர்மனிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

நங்கநல்லூரில் அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா பையனுக்கு ஸ்டுட்கார்ட்டில் படிக்க இடம் கிடைத்து டிக்கெட்டும் வந்துவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்த அக்காவுக்குப் பெரிய சந்தேகம். "சென்னை தெரியுது, ஃபிராங்க்ஃபர்ட் தெரியுது, அதுக்கு அப்புறம் இசட்டபிள்யூஎஸ்னு ஒரு ஊர் போட்டு, விமானம்னு இருக்கிற இடத்துல ரயில்னு போட்டிருக்கானே, ஏஜென்ட் ஏமாத்திட்டானா?" ஏமாற்றவில்லை. இசட்டபிள்யூஎஸ் என்பது ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்துக்கு விமானக்காரர்கள் வைத்திருக்கும் குறியீடு. கொலோன் நிலையத்துக்கு கியூகேஎல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மீனம்பாக்கம் மாதிரி ஒரு விமான நிலையக் குறியீடு இருந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

விஷயம் இதுதான். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா தன் விமானத்தோடு, ஜெர்மன் அரசு ரயில்வேயான டாய்ச்ச பானின் ரயிலையும் ஒரே டிக்கெட்டில் விற்கிறது, பெயர் லுஃப்தான்சா எக்ஸ்பிரஸ் ரயில். ரயிலுக்கும் எல்எச் என்று தொடங்கும் ஃபிளைட் எண் இருக்கும், அதனால் அந்த ரயில் பயணமும், லுஃப்தான்சா குழுமம் அடிக்கடி பறப்பவர்களுக்கு வைத்திருக்கும் மைல்ஸ் அண்ட் மோர் கணக்கில் ஒரு ஃபிளைட்டாக ஏறும். இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு 2001-லும் கொலோனுக்கு 2003-லும் ஆரம்பித்தது, 2022-ல் டாய்ச்ச பான், லுஃப்தான்சா இருக்கும் விமான நிறுவனக் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸுக்குள்ளேயே முதல் ரயில் கூட்டாளியாகச் சேர்ந்துவிட்டது.

இப்போது கணக்கு. 2024 ஜனவரியில் அந்தக் கணக்கில் ஸ்டேட்டஸ் (நிறையப் பறப்பவர்களுக்குச் சலுகைகளோடு தரும் தகுதி) கொடுக்கும் முறை மாறியது. பழைய ஸ்டேட்டஸ் மைல் போய், பாயின்ட் வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் எகானமி செக்மென்ட் (ஏறி இறங்கும் ஒரு பயணத் துண்டு) ஒன்றுக்கு 60, ஐரோப்பாவுக்குள் எகானமிக்கு 20, பிசினஸ் என்றால் 200-ம் 50-ம். ஒரு காலண்டர் வருஷத்தில் 650 சேர்த்தால் முதல் படியான ஃபிரீக்வென்ட் டிராவலர், 2000 சேர்த்தால் அதற்கு மேல் படியான செனட்டர். (650-ல் பாதி, அதாவது 325, குவாலிஃபையிங் பாயின்டாக, லுஃப்தான்சா குழுமம், இன்னும் சில கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களில் வந்ததாக இருக்க வேண்டும், எப்படியும் நீங்கள் போவது அதில்தானே.) சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் போக வர 120. முன்னும் பின்னும் ரயிலை ஐரோப்பிய செக்மென்ட் ஒன்றுக்கு உள்ள 20-ஆகச் சேர்த்தால் 160. அப்படி நாலு தடவை ஊருக்கு வந்தால் 640, பத்து பாயின்ட் குறையும், எரிச்சலாக இருக்கும். ரயிலே இல்லாமல் அதே நாலு தடவை வந்தால் 480-தான்.

ஆனால் ஒரு மாணவனோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரோ வருஷத்துக்கு நாலு தடவை சென்னைக்கு வர மாட்டார், வந்தால் அம்மாவே "எதுக்குடா இவ்வளவு செலவு" என்பார். ஆகவே ஸ்டேட்டஸுக்காக ரயில் டிக்கெட் வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்து இதனால் நிஜமாகப் பலன் பெறுகிறவர் கம்பெனி செலவில் மாதாமாதம் ஐரோப்பாவுக்குள் அலைகிற ஆள். அவர் ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறி ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் பிடித்தால் ஒவ்வொரு வழிக்கும் இரண்டு செக்மென்ட். செனட்டர் ஆகிவிட்டால் அது ஸ்டார் கோல்டு (ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி முழுக்கச் செல்லும் மேல் தகுதி), கூட ஒரு பெட்டி இலவசம், இட்லி அரிசியும் குக்கரும் கொண்டுபோகிற நமக்கு லவுஞ்சை விட அதுதான் பெரிது. இன்னொன்று, பாயின்ட் டிக்கெட் விலையைப் பார்ப்பதில்லை. அடிமாட்டு விலைக்கு வாங்கிய டிக்கெட்டுக்கும் அதே 60. இலவச டிக்கெட் மாதிரி எடுக்கச் செலவழிக்கிற மைல்தான், லுஃப்தான்சா குழும டிக்கெட்டில், 2018-லிருந்து விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த மைல் 36 மாதத்தில் காலாவதி ஆகும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாயின்டுக்காக வேண்டாம் என்றால் பின் எதற்கு? ஒரே பிஎன்ஆர், அதற்காக. டாய்ச்ச பானின் நீண்டதூர ரயில்களில் 2024-ல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம், அதுவும் ஆறு நிமிஷத்துக்குள் தாமதம் என்றால் அதை நேரத்துக்கு வந்ததாகச் சேர்த்துக்கொண்டு. ஜெர்மனி என்றால் கடிகாரம் மாதிரி ஓடும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன், நம் ஊர் பறக்கும் ரயில் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. தனியாக ரயில் டிக்கெட் வாங்கி, ரயில் தாமதமாகி, விமானத்தைத் தவறவிட்டால் அது உங்கள் தலைவலி. ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை, வரும்போது சென்னை விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் இடம் தருவதும் அவர்கள் வேலை.

இங்கேதான் நம் ஏஜென்ட்கள் குழப்புகிறார்கள். "ரயிலும் சேர்த்துப் போட்டாச்சு சார்" என்றார் தி.நகரில் ஒருவர், நானும் நம்பி வந்துவிட்டேன். வந்து பார்த்தால் அது ரயில் அண்ட் ஃப்ளை. அதுவும் விமான டிக்கெட்டோடு வருவதுதான், ஆனால் எந்த ரயிலிலும் ஏறலாம், இருக்கை ஒதுக்கீடு கிடையாது, ஸ்டேட்டஸ் கணக்கில் ஏறாது. வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: டிக்கெட்டில் ரயில் வரிக்கு எல்எச் எண் இருக்கிறதா, நிலையத்தின் சொந்தக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2ஏ (டாய்ச்ச பானின் குறியீடு) என்றும் கியூஒய்ஜி (ஜெர்மன் ரயில் நிலையங்களுக்குப் பொதுவான குறியீடு) என்றும் இருந்தால் அது ரயில் அண்ட் ஃப்ளை. தோது என்று பார்த்தால் அது மோசமில்லை, பணம் கட்டும் முன் எது என்று கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

எல்எச் எண் உள்ள ரயிலை ரயில் என்று நினைக்கவே கூடாது. என் நண்பர் ஒருவர், தாம்பரம்காரர், ஊருக்குக் கிளம்பும் அன்று தெரிந்தவர் காரில் ஃபிராங்க்ஃபர்ட் போகிறார் என்று ரயிலை விட்டுவிட்டு அவரோடு போய் இறங்கினார். முதல் செக்மென்டில் வரவில்லை என்று மீதி டிக்கெட் முழுக்க முடங்கிக் கிடந்தது, கட்டணத்தை மறுபடி கணக்குப் போட்டு வித்தியாசம் கட்டச் சொன்னார்கள். தப்பு அவருடையதுதான், விமானத்துக்கு அப்படிச் செய்வாரா? ரயிலுக்கும் செக்-இன் செய்ய வேண்டும், குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். நான் ஒருமுறை முந்தைய ரயில் நிற்கிறதே என்று ஆசைப்பட்டு ஏறினேன், அந்த செக்மென்டுக்கு ஒரு பாயின்டும் வரவில்லை.

முதல் தடவை போகிறவர்களுக்கு நடைமுறை. சென்னையிலிருந்து நேரடி விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும், காலையில் ஃபிராங்க்ஃபர்ட். பெட்டியை அங்கேயே எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும் (நெய் டப்பா, பால்கோவா எல்லாம் ஐரோப்பிய யூனியனுக்குள் அனுமதி இல்லை, ஊறுகாய் சரி). விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு, நீங்கள் தேட வேண்டியது ஃபெர்ன்பான்ஹோஃப் என்ற பலகையை, ரெகியோனல்பான்ஹோஃப் உள்ளூர் ரயிலுக்கு. இமிக்ரேஷன் வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே புக் செய்யும்போதே இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து இருக்கும் ரயிலாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். ஸ்டுட்கார்ட் ஒன்றேகால் மணி நேரம், கொலோன் ஒரு மணி நேரம். போர்ட்டர் கிடையாது, ரயில் இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்கும், பிளாட்பாரம் கடைசி நேரத்தில் மாறும். உங்கள் பெட்டி எண் எங்கே வந்து நிற்கும் என்று பலகையில் பார்த்து அந்த இடத்தில் போய் நின்றுகொள்ளுங்கள், 23 கிலோவை ரயிலுக்குள் இழுத்துக்கொண்டு நாலு பெட்டி நடப்பது கொடுமை.

ஜூரிக் வழியாகப் போகிறவர்களுக்கு சுவிஸ், வியன்னா வழியாக ஆஸ்திரியன் இதே மாதிரி ரயில் செக்மென்ட் தருகின்றன. பாரிஸில் ஏர் ஃபிரான்ஸிடமும் உண்டு, அது ஃபிளையிங் புளூ என்ற வேறு கணக்கு.

கடைசியாக, உறுப்பினர் எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே போட்டுவிடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண் வேண்டும், அப்பா அம்மா பறந்த ஸ்டேட்டஸ் பாயின்ட் உங்களுக்கு வராது. ரயில் செக்மென்ட் மட்டும் கணக்கில் காணவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம், அதற்கு டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் வேண்டும். அக்கா பையனிடம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். "சரி மாமா" என்றான், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே.