பெட்டி ரெடி, பெயர்தான் சரியில்லை

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன், ஒரு தம்பி கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் தோஹாவில் வேலை, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். "அண்ணே, அங்க ஏதாவது ஆச்சுன்னா உடனே கிளம்புறதுக்கு எல்லாம் எடுத்து வச்சுட்டேன், ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். கோப்பு அழகாகத்தான் இருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் தாள் வேறு. இரண்டாவது பக்கத்திலேயே 2021-ல் நான் செய்த அதே தவறு இருந்தது.

கப்பல் நிறுவனம் ஒன்றில், ஆட்களைக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்புவதும் நிலைமை கெட்டால் திரும்பக் கூட்டி வருவதும்தான் என் வேலை. நானும் மியன்மாரின் யங்கூனிலிருந்து அப்படிக் கிளம்பி வந்தவன்தான். டார்ச் லைட், தண்ணீர், பேட்டரி பட்டியலையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது குடிமைத் தற்காப்புப் படையின் கையேட்டிலேயே இருக்கிறது.

அரசாங்க விமானம் வரும் என்று காத்திருப்பது

வராது என்று நினைத்தே திட்டம் போடுங்கள். வந்தால் லாபம். 2020 ஜனவரி கடைசியில் வூஹானிலிருந்து சிங்கப்பூரர்கள் 92 பேரை விமானம் வைத்து அழைத்து வந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் எப்போதும் அப்படி நடக்கும் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, 2021 மார்ச் 4-ம் தேதி மியன்மாரில் இருந்த எங்களுக்கு வெளியுறவு அமைச்சு சொன்னது, பயணிகள் விமானம் கிடைக்கும்போதே, முடிந்த சீக்கிரம் கிளம்புவதைப் பற்றி யோசியுங்கள் என்று. நீங்களே டிக்கெட் எடுங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். அமைச்சின் இணையத்தளத்தில் குடும்பத்தின் பெயர்களைப் பதிந்து வையுங்கள், அது இலவசம், பத்து நிமிட வேலை. ஆனால் அதை டிக்கெட் என்று நினைக்காதீர்கள்.

பெயர்

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் முன்னெழுத்தாக நிற்கும், பாஸ்போர்ட்டில் அது விரிந்து கடைசிப் பெயர் ஆகிவிடும். என் கடைசிப் பெயர் என் அப்பாவுடையது, மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று. இங்கே இதை யாரும் கேட்கப்போவதில்லை. வெளியூர் விமான நிலையத்தில், கூட்டம் நெருக்கித் தள்ளும்போது, முகப்பில் இருப்பவருக்கு நாங்கள் மூன்று பேரும் யாரோ எவரோ. ஒரே குடும்பம் என்று காட்ட எங்களிடம் இருப்பது திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான், அதில் எழுத்து மாறியிருந்தால் தீர்ந்தது.

மாறாமல் எங்கே இருக்கிறது? லட்சுமிக்கு ஒருவர் கே, எஸ், ஹெச் போடுவார், இன்னொருவர் ஒரு எக்ஸோடு முடித்துவிடுவார். செல்விக்கு எஸ்-ஸும் உண்டு, சி, ஹெச்-சும் உண்டு. பெயரில் ழ இருந்தால் கேட்கவே வேண்டாம். ஊரில் திருமணத்தைப் பதிந்த எழுத்தர் ஒரு விதமாக எழுதினார், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு விதம், பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த தரகர் இன்னொரு விதம், எல்லாவற்றிலும் நாம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று, 2021 பிப்ரவரி 1-ம் தேதி, யங்கூனில் காலையில் எழுந்தால் தொலைபேசி இல்லை, இணையம் இல்லை, வங்கிகள் மூடிக் கிடந்தன, ஏடிஎம் முன்னால் வரிசை தெருமுனை வரை. கொவிட் காரணமாக வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் முந்தைய வருடமே நின்றுபோயிருந்தன, எப்போதாவது ஒரு சிறப்பு விமானம் விடுவார்கள். மார்ச் இரண்டாம் வாரம் அப்படி ஒன்றில் மூன்று இடம் கிடைத்தது. அவசரத்தில் மனைவி பெயருக்குப் பின்னால் என் பெயரைப் போட்டுப் பதிந்துவிட்டேன். அவருடைய இந்திய பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர்க் கட்டம் காலி, அவருடைய அப்பா பெயரும் சேர்ந்து முதல் பெயர்க் கட்டத்தில் இருந்தது.

முகப்பில் இருந்த பெண் பேனா மூடியை வைத்து, பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து, டிக்கெட்டில் ஓர் எழுத்து என்று நகர்த்திக்கொண்டே போனார். மூடி நின்றது. நான் திருமணச் சான்றிதழை நீட்டினேன். அதில் மனைவி பெயரில் சி, ஹெச், பாஸ்போர்ட்டில் எஸ். மூடி திரும்பவும் நின்றது. "இது வேறு ஆள்" என்றார், கோபமே இல்லாமல். நானும் மகளும் மட்டும் ஏறலாம் என்றார்கள். ஏறுவோமா? மூன்று டிக்கெட்டும் போயின. அடுத்த விமானம் பதினொரு நாள் கழித்து, அதற்குள் மார்ச் 15-ம் தேதி கைபேசி இணையமும் நாடு முழுக்க நின்றுவிட்டது. திரும்ப மூன்று டிக்கெட், மொத்தத்தில் நாலாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் நஷ்டம். அந்தப் பதினொரு நாளும் மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இன்னமும் எரிச்சலாக இருப்பது எதனால் என்றால், சிங்கப்பூரில் சும்மா இருந்த ஏழு வருடத்தில் ஏதாவது ஒரு மதியம் இந்தக் காகிதங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்திருக்கலாம்.

(என் தாத்தாவின் அண்ணன் 1942-ல் இதே ரங்கூனிலிருந்து அஸ்ஸாம் எல்லை வரை நடந்து போனவர். அவரை யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்கவில்லை.)

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். இயந்திரம் உங்கள் பெயரை எங்கே பிரிக்கிறது என்பது அந்த வரியில்தான் தெரியும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் திருமணம், பிறப்பு, படிப்புச் சான்றிதழ்களில் இருப்பதை எழுதுங்கள். ஓர் எழுத்து வித்தியாசமானாலும் வட்டம் போடுங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள், முடியாததற்கு இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எடுத்து வையுங்கள். அவசரம் வந்த பிறகு இதற்கு நேரம் கிடைக்காது. பெயரில் எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், மகள்) உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை: அந்தச் சாய்கோட்டைப் பல விமான நிறுவனத் தளங்கள் ஏற்பதில்லை, அந்த இரண்டு எழுத்தும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எப்படிப் போடுவது என்று ஒரு தடவை அவர்களிடமே கேட்டு, எப்போதும் அப்படியே போடுங்கள்.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தால் வருகையாளர் விசாவில் விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு சிற்றரசுகள் 2022 நவம்பரில் அறிவித்தபோது, அப்பா பெயரைத் தனிப் பக்கத்தில் வைத்திருந்த நம்மவர்கள் எவ்வளவு பதறினார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் இருந்தாலும் போதும் என்று பிறகுதான் விளக்கம் வந்தது.

தம்பியின் கோப்பில் மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரில் ஒரு ஹெச் கூடுதல். "இது சின்ன விஷயம்தானே அண்ணே" என்றார். நான் இன்னொரு தேநீர் சொன்னேன்.

எல்லாம் கைபேசியில் இருக்கிறது

கைபேசி தொலைந்தால்? சிங்கப்பூர் வங்கிகளின் மின்னிலக்க டோக்கனை (பணம் போவது நீங்கள் சொல்லித்தான் என்று கைபேசியில் உறுதி செய்வது) ஒரு புதுக் கைபேசியில் போட்டால், 2022-ல் வந்த மோசடித் தடுப்பு விதிப்படி, அது வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரமாகும். பகலில் வீட்டில் இருந்தால் அது ஒன்றுமில்லை. நள்ளிரவில் டிக்கெட் வாங்க நிற்கும்போது 12 மணி நேரம் என்பது ஒரு விமானம். கணவன் பெயரில் மட்டும் பணம் இருக்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, மனைவிக்கும் தனிக் கணக்கு, தனி டோக்கன், தனி அட்டை வேண்டும். அந்த அட்டை வெளிநாட்டு ஏடிஎம்மில் வேலை செய்யும்படி கிளம்பும் முன்பே இங்கே இயக்கி வையுங்கள். அப்புறம் காகித நகல், இரண்டு செட், இரண்டு வெவ்வேறு பைகளில்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்

2021 அக்டோபரிலிருந்து பெரியவர்களுக்குப் பத்து வருட சிங்கப்பூர் பாஸ்போர்ட், 16 வயதுக்குக் கீழே இன்னமும் ஐந்துதான். நம்முடையதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும் என்கின்றன, அதனால் நாலரை வருடம் என்றே கணக்கு வையுங்கள்.

அம்மாவின் இன்சுலின்

கைப்பையில். பெட்டியில் போட்டால் உறைந்துபோகலாம். மருத்துவர் சீட்டு கூடவே.

நகை

பெட்டகத்தில் விட்டுப் போங்கள். தாலி போதும்.

பணிப்பெண்ணின் பாஸ்போர்ட்

அவரிடமே இருக்கட்டும். நீங்கள் பூட்டி வைத்திருந்தால் அது சட்டப்படியும் தவறு.

பூனை

கூட்டிப் போவதாக இருந்தால் திரும்பி வருவதற்கான வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி உரிமம் எல்லாவற்றையும் இன்றைக்கே விசாரியுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும்.