பூட்ஸ் போதாத போஸ்ட்டில் கால்விரல்களைக் காப்பது எப்படி

1962 சீனப் போரில் நம்கா சூ ஆற்றங்கரையில் நம் வீரர்கள் பருத்திச் சீருடையும் கேன்வாஸ் ஷூவுமாக நின்றார்கள். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, சியாச்சின், லடாக் போன்ற உயரமான பகுதிகளுக்கு 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்நோக்கு பூட்ஸ் வழங்கப்படவில்லை, பழையதையே செப்பனிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறது. பனிக்கண்ணாடித் தட்டுப்பாடு 62 முதல் 98 சதவீதம். இப்படியொரு குறைக்கு ஜவான் தன் விரலை விலையாகக் கொடுப்பது அநியாயம். சரியான சரக்கு வந்து சேரும்வரை, கையில் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியவற்றைக் கீழே சொல்கிறோம்.

முதலில் பூட்ஸ் அளவு. உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, இரண்டு ஜோடி சாக்ஸும் அணிந்து அதன்மேல் நில்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் இதைப் பார்ப்பது நல்லது. பூட்ஸ் போட்டபின் ஐந்து விரல்களையும் அசைக்க முடியாவிட்டால் அந்த பூட்ஸ் உங்களுக்கு ஆகாது, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி. குளிர் தாங்கவில்லை என்று மூன்றாவது ஜோடி சாக்ஸைத் திணிப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறையும், கம்பளிக்குள் இருக்கும் காற்றும் நசுங்கிப் போகும். உள்ளே மெல்லிய செயற்கை இழை சாக்ஸ், மேலே கனமான கம்பளி சாக்ஸ், அவ்வளவுதான். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். லேஸைக் கணுக்காலில் உறுதியாகவும் முன்பாதத்தில் தளர்வாகவும் கட்டுங்கள்.

அடுத்தது ஈரம். வெளியே பனி உலர்ந்திருந்தாலும், நடக்கும்போது சுரக்கும் வியர்வை நின்றவுடன் குளிர்ந்துவிடும். 1950 குளிர்காலத்தில் கொரியாவின் சோசின் ஏரிப் பகுதியில் அமெரிக்க வீரர்களின் ரப்பர் அடி பூட்ஸ் இப்படித்தான் காலை வாங்கியது. மலையேறும்போது நனைந்த சாக்ஸ், காவலுக்கு உட்கார்ந்ததும் உள்ளேயே உறைந்தது. ஆகவே ஒவ்வொருவரிடமும் மூன்று ஜோடி இருக்கட்டும். ஒன்று காலில். ஒன்று சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி, உடல் சூட்டில் உலரட்டும். மூன்றாவது பாலித்தீன் பையில், தூங்கும்போது போட மட்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முறை மாற்றுங்கள். மாற்றும்போது விரலிடுக்குகளைத் துடைத்து, இன்சோலைத் தூக்கிப் பாருங்கள். அதன் அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாகப் பனிப்படிகம் ஒட்டியிருக்கும். அதைத் தட்டி உதறாமல் திரும்பப் போட்டால் புது சாக்ஸ் அரை மணி நேரத்தில் ஈரமாகிவிடும். இரவில் இன்சோலையும் உள் பூட்ஸையும் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். புகாரி அடுப்பின் பக்கத்தில் பூட்ஸைக் காய வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டுப் பசை விட்டுப்போகும்.

கடுங்குளிரில், மைனஸ் 20-க்கும் கீழே, மெல்லிய சாக்ஸுக்கும் கம்பளி சாக்ஸுக்கும் நடுவே ஒரு பாலித்தீன் பை போடுவது பயன் தரும். வியர்வை கம்பளியை எட்டாது, உட்சாக்ஸை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஒவ்வொரு இரவும் காலை வெளியே எடுத்து முழுக்க உலர்த்த வேண்டும். சகதியும் உருகிய பனியுமாக இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள், ட்ரெஞ்ச் ஃபுட் (நாள்கணக்கில் நனைந்த காலுக்கு வரும் குளிர்க் காயம்) வந்துவிடும்.

சென்ட்ரி நிற்பவரின் பாதச் சூடு தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. பலகை, ஃபோம் பாய்த் துண்டு, மடித்த சாக்கு, எது கிடைத்தாலும் அதன்மேல் நிற்கட்டும். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 34 போலத்தான். அன்றைக்குக் காவல் நேரத்தைக் குறைப்பது கமாண்டரின் பொறுப்பு. இருவர் இருவராக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை மற்றவர் பாருங்கள். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளங்கையால் மூடிச் சூடாக்குங்கள். காலில் இருந்த வலி திடீரென்று நின்றுபோனால் நிம்மதி அடையாதீர்கள், மரத்துப்போகிறது என்று அர்த்தம். கையுறை இல்லாமல் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்; அது உறையாமலே மைனஸ் 30 டிகிரியில் இருக்கும், தோலில் பட்ட கணமே உறைய வைக்கும். பனிக்கண்ணாடி இல்லையென்றால் அட்டையில் 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில் கீறல் போட்டுக் கண்ணில் கட்டிக்கொள்ளலாம்.

விரல் வெளுத்து மரத்துப்போனால் ஈர சாக்ஸைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தோழரின் வயிற்றிலோ அக்குளிலோ பத்து நிமிடம் வையுங்கள். உணர்வு திரும்பவில்லை என்றால் அது பனிக்கடி, அதாவது தசையே உறைந்துபோனது. தேய்க்கக் கூடாது. பனியால் தேய்க்கச் சொன்னது 1812-ல் நெப்போலியன் படையோடு ரஷ்யா போன மருத்துவர் லாரே. அந்தத் தவறான பழக்கம் நூறாண்டுக்கும் மேலாக நீடித்து எத்தனையோ பேரின் தசையைக் கிழித்திருக்கிறது. நெருப்பிலும் காட்டாதீர்கள், மரத்த கால் வெந்தாலும் தெரியாது.

உருக்கிய கால் மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. ஆகவே வழியில் மீண்டும் உறையும் வாய்ப்பு இருந்தால் உறைந்த காலோடே நடந்து இறங்குவது மேல். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், பாதம் அடியிலோ பக்கத்திலோ இடிக்காத பெரிய பாத்திரத்தில், சுமார் 30 நிமிடம் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் காயமில்லாதவரின் முழங்கையை அரை நிமிடம் வைத்துப் பார்க்கலாம். நீர் சீக்கிரம் ஆறும். புது வெந்நீரைக் காலின்மேல் படாமல் ஊற்றிக் கலக்குங்கள். தோல் சிவந்து இளகினால் போதும். வலி பொறுக்க முடியாததாக இருக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. கொப்புளத்தை உடைக்காமல், விரலிடுக்கில் காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். பிறகு அந்தக் காலை ஊன்றவே கூடாது. பீடி, சிகரெட், ரம் எதுவும் வேண்டாம்.

ட்ரெஞ்ச் ஃபுட்டுக்கு இந்த வெந்நீர் வைத்தியம் ஆகாது. அது உறையாமலே, பூஜ்யம் முதல் 15 டிகிரிக்குள் நாள்கணக்கில் நனைந்து வருவது. 1943-ல் அலாஸ்காவின் அட்டூ தீவில் தோல் பூட்ஸோடு இறங்கிய அமெரிக்கப் படையில் சுமார் 1,200 பேர் குளிர்க் காயத்தில் விழுந்தார்கள். போரில் காயமடைந்தவர்களே 1,148 பேர்தான். உடம்பைப் போர்த்திச் சூடாக்கி, காலை மட்டும் திறந்து உயர்த்தி வைத்துத் தானாக உலர விடுங்கள்.

பனிக்கடி பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்க்கப் பாருங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அதற்குள் போட்டால் விரலைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். கூட அனுப்பும் தாளில் எப்போது உறைந்தது, எப்போது உருக்கியது என்பதோடு பூட்ஸின் வகை, அளவு, வழங்கிய தேதி, செப்பனிட்டதா புதியதா என்பதையும் எழுதி, ஒரு பிரதியை யூனிட் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த கோரிக்கைக் கடிதத்தோடு அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.