மேகங்களை டைம்லாப்ஸ் எடுப்பது எப்படி? தென்காசி மொட்டை மாடியிலிருந்து ஒரு செய்முறை

ஆனி, ஆடி மாதங்களில் காலையில் எங்கள் மாடிக்குப் போனால், மேற்கே குற்றால மலை உச்சியில் வெள்ளைத் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு மேகம் உட்கார்ந்திருக்கும். பல் துலக்கிக்கொண்டே பார்த்தால் அசையாமல் கிடப்பது போலத்தான் தெரியும். அதையே 20 நிமிடம் டைம்லாப்ஸ் எடுத்து, அதாவது சில விநாடிக்கு ஒரு படமாக எடுத்துக் கோத்து, 10 விநாடியில் ஓட்டிப் பாருங்கள். கேரளப் பக்கமிருந்து முகடேறி வருகிற மேகம், பால் பொங்கி வழிவது போல நம் பக்கம் சரியும். பாதி மலை இறங்குவதற்குள் ஒன்றுமில்லாமல் கரைந்து போகும். தொப்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் அதிலிருக்கும் மேகம் ஒவ்வொரு நொடியும் புதிது.

இதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம். நான் எடுப்பது மூன்று வருடப் பழைய செல்போனில். தேவைப்படுவது கொஞ்சம் கணக்கு, இரண்டு செங்கல், அப்புறம் ஃபோனைத் தொடாமல் இருக்கும் பொறுமை. மூன்றாவதுதான் கஷ்டம்.

படி 1: வானத்தைத் தேர்ந்தெடுங்கள்

எந்த வானமும் டைம்லாப்ஸுக்கு ஆகும் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். ஆகாது. மேகமே இல்லாத நீல வானத்தை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் நீல வானம்தான். முழுக்க மூடிக் கிடக்கும் சாம்பல் வானமும் அப்படியே. ஓரம் தெளிவாகத் தெரியும் மேகம் வேண்டும், இடையிடையே நீலமும் வேண்டும்.

அடுத்தது சூரியன். முடிந்தவரை அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எங்களுக்கு மலை மேற்கே இருப்பதால் காலை 7 மணியிலிருந்து 10 வரை நல்ல நேரம். கிழக்கிலிருந்து வரும் வெயில் மேகத்தின் முகத்தில் விழுந்து, மடிப்பு மடிப்பாகக் காட்டும். அதே மலையைச் சாயங்காலம் எடுத்தால் கறுப்பு நிழலும் வெளுத்த வானமும்தான் மிஞ்சும்.

மலை இல்லாத ஊர்க்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். வெயில் ஏறும் நாட்களில் காலை 10, 11 மணிவாக்கில் தரை சூடாகி, பஞ்சுப் பொதி மாதிரித் திரள் மேகங்கள் முளைக்க ஆரம்பிக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று உள்ளே நுழையும். அதன் முனையில் மேகங்கள் கோபுரம் கோபுரமாக எழும்புவதை எடுத்தால் காலிஃபிளவர் கொதிப்பது போல இருக்கும். கிளம்புவதற்கு முன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் செயற்கைக்கோள் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேகக் கூட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

படி 2: ஃபோனை ஆடாமல் நிறுத்துங்கள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ட்ரைபாட் எம்மாத்திரம்? நான் முதலில் வாங்கிய இலேசான ட்ரைபாடை முழு உயரத்துக்கு நிறுத்தி வைத்து எடுத்த வீடியோவில் குற்றால மலையே குளிரில் நடுங்குவது போல் இருந்தது.

ட்ரைபாட் இருந்தால் கால்களை நீட்டாமல், நடுத்தண்டை உயர்த்தாமல், தரையோடு தரையாக வையுங்கள். நடுவில் ஒரு பையில் மணலோ கல்லோ போட்டுத் தொங்க விடுங்கள். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். காற்றில் ஊஞ்சலாடினால் இன்னும் மோசம். ட்ரைபாட் இல்லையா? மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்றாக இரண்டு செங்கல் வைத்து, நடுவில் மடித்த துண்டு போட்டு ஃபோனைச் சாய்த்து நிறுத்தலாம். முன் செங்கல் லென்ஸை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். காற்று நாட்களில் ட்ரைபாடை விட எனக்கு இதுதான் பிடிக்கும். சுவரின் உள் பக்கமாகவே வையுங்கள், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

படத்தில் கீழே ஐந்தில் ஒரு பங்காவது அசையாத ஏதாவது இருக்க வேண்டும். மலை, கோபுரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று எதுவானாலும் சரி. அது இருந்தால்தான் மேகத்தின் வேகமும் அளவும் கண்ணுக்குப் பிடிபடும். துணி காயும் கொடி மட்டும் வேண்டாம். நல்ல நாள் ஒன்றில் எடுத்த 300 படங்களில் 40 படங்களை ஒரு ஈரச் சேலை நிரப்பிவிட்டது.

நிறுத்திய இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்து, மறுநாளும் அங்கிருந்தே எடுங்கள். ஜப்பானிய இயற்பியலாளர் மசனாவோ அபே 1920களின் கடைசியிலேயே இதைச் செய்திருக்கிறார். ஃபூஜி மலை தெரியும் இடத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, அந்த மலையைச் சுற்றி மேகங்கள் நகர்வதை வருடக்கணக்கில் ஃபிலிமில் பதிந்தார். காற்று மலையைச் சுற்றி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். இடம் ஒன்றாக இருந்ததால்தான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடிந்தது.

படி 3: கணக்குப் போடுங்கள்

வீடியோ ஒரு விநாடிக்கு 30 படம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 10 விநாடி வீடியோவுக்கு 300 படம் வேண்டும். 4 விநாடிக்கு ஒன்றாக எடுத்தால் 300 × 4 = 1200 விநாடி, அதாவது 20 நிமிடம். இடைவெளியை 30 ஆல் பெருக்கினால் எத்தனை மடங்கு வேகம் என்பதும் கிடைத்துவிடும். 4 விநாடி இடைவெளி என்றால் 120 மடங்கு.

தலைக்கு மேலே தாழ்வாக விரைந்து ஓடும் மேகத்துக்கு 1 முதல் 2 விநாடி இடைவெளி போதும். மலை மேல் வழியும் மேகத்துக்கும் திரள் மேகத்துக்கும் 3 முதல் 5. உயரத்தில் மெதுவாக நகரும் கீற்று மேகத்துக்கு 8, 10 வரை போகலாம். நட்சத்திரங்களுக்கு 20 முதல் 30, ஆனால் அது தனிப் பாடம். சந்தேகமாக இருந்தால் இடைவெளியைக் குறைத்தே எடுங்கள். மெதுவாக இருந்தால் பிறகு வேகமாக்கிக்கொள்ளலாம். தாவித் தாவிப் போகும் மேகத்தைச் சீராக்க வழி கிடையாது.

ஃபோனிலேயே டைம்லாப்ஸ் என்று ஒரு வசதி இருக்கும். சில ஃபோன்களில் 10 மடங்கு, 30 மடங்கு, 120 மடங்கு என்று தேர்ந்தெடுக்கலாம். மேகத்துக்கு 10 மடங்கு போதாது, 60-க்கு மேல் போங்கள். ஐபோனில் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நேரம் நீள நீள அதுவே இடையிலுள்ள படங்களைக் கழித்து, வீடியோவை அரை நிமிடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். முதல் வாரம் இந்த வசதியிலேயே பழகுங்கள். பிறகு ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கொண்டு, ரிப்பீட் என்பதில் படங்களின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் நீங்களே கொடுத்துத் தனித்தனிப் படங்களாக எடுக்கலாம். ஒரு படம் 4 எம்பி என்றால் 300 படத்துக்கு 1.2 ஜிபி. இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 4: எல்லாவற்றையும் பூட்டுங்கள்

புதிதாக எடுப்பவர்களின் வீடியோ பெரும்பாலும் கெடுவது இங்கேதான். மேகம் அழகாகத்தான் போய்க்கொண்டிருக்கும், ஆனால் படம் மட்டும் பழைய டியூப் லைட் மாதிரி மினுக் மினுக்கென்று வெட்டும். காரணம், ஃபோனின் புத்திசாலித்தனம். வெள்ளை மேகம் உள்ளே வந்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். அது நகர்ந்ததும் மறுபடி வெளிச்சமாக்கும். ஒரு படத்துக்கு இது உதவி, 300 படத்துக்கு உபத்திரவம்.

அதனால் திரையில் இருப்பதிலேயே பிரகாசமான மேகத்தின் மேல் விரலை வைத்துச் சில நொடி அழுத்துங்கள். பூட்டு அடையாளம் வரும். இப்போது எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவு) ஃபோக்கஸும் மாறாமல் நின்றுவிட்டன. பக்கத்தில் தெரியும் சூரியப் படத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து, கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதை விட ஒரு பிடி இருட்டாகவே வையுங்கள். மேகம் வளர வளர இன்னும் வெளுக்கும். ஒருமுறை வெறும் வெள்ளையாகிவிட்டால் அதிலுள்ள மடிப்புகளை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. இருட்டைத் தூக்கிக்கொள்ளலாம்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். எண்ணாகக் கேட்டால் 5500 கொடுங்கள். விட்டால் மேகம் ஒரு படத்தில் நீலம் பூசியும் அடுத்ததில் மஞ்சள் பூசியும் வரும். ஓப்பன் கேமராவில் இந்த வசதிகள் தெரியவில்லை என்றால், அமைப்புகளில் கேமரா2 என்பதைத் தேர்ந்தெடுத்தால் பல ஃபோன்களில் வந்துவிடும். ஹெச்டிஆரை அணையுங்கள். அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக அழகுபடுத்தப் பார்க்கும்.

சூரியன் மறைவதை எடுக்கும்போது மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. வெளிச்சம் குறைந்துகொண்டே போவதால், எக்ஸ்போஷரைப் பூட்டினால் பாதியிலேயே படம் கறுத்துவிடும். அன்றைக்கு ஒயிட் பேலன்ஸை மட்டும் பூட்டி, எக்ஸ்போஷரை விட்டுவிடுங்கள். சூரியன் இறங்கியதும் ஃபோனை எடுத்துக்கொண்டு கீழே போய்விடாதீர்கள். நம் ஊர்களில் அதன் பிறகு இருபது நிமிடம் போலத்தான் வெளிச்சம் நிற்கும், வண்ணமெல்லாம் பெரும்பாலும் அந்த இருபது நிமிடத்தில்தான்.

டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் மேனுவலுக்கு மாற்றி, ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இதையே செய்யலாம். ஆனால் பெரிய லென்ஸைச் சூரியனை நோக்கித் திருப்பி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். பூதக்கண்ணாடியில் காகிதம் எரியும் கதைதான்.

படி 5: தொடங்குங்கள், தொடாதீர்கள்

ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் போன் வந்து 210-ஆவது படத்தில் நின்றுபோன வீடியோ என்னிடம் ஒன்று இருக்கிறது. பவர் பேங்கைத் தொடங்குவதற்கு முன்பே செருகி, அதன் வயரைச் சுவரில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். தொடங்கவும் திரையைக் குத்தாமல் டைமர் வையுங்கள். வெயிலில் ஃபோன் சூடாகித் தானாக அணையும் என்பதால், அதன் வெயில் படும் பக்கத்துக்கு நிழல் தர ஓர் அட்டையை நிறுத்தலாம்.

சாரல் விழுந்து லென்ஸில் துளி நின்றால்? துடைக்கத் தொட்டால் படம் நகரும். அன்றைய வேலை அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொண்டு, துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் நல்லது. இடி கேட்டால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், உடனே கீழே இறங்கிவிடுங்கள். இடிமேகத்தை வீட்டுக்குள் ஜன்னல் வழியாகவும் எடுக்கலாம்.

படி 6: படங்களை வீடியோவாக்குங்கள்

ஃபோனின் சொந்த வசதியில் எடுத்திருந்தால் இந்த வேலை இல்லை. தனிப் படங்களாக எடுத்திருந்தால், கணினியில் ஒரே கோப்புறையில் போட்டு, பெயர்களை 0001, 0002 என்று வரிசையாக மாற்றிக்கொள்ளுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு வரிசை எண் உள்ள படங்களை ஒரே துண்டு வீடியோவாக எடுத்துக்கொள்ளும். நடுவில் காக்கை வந்த படத்தை அழித்தால் எண் விட்டுப்போய் வீடியோ இரண்டு துண்டாகிவிடும். அழிப்பதற்குப் பதில் முந்தைய படத்தை நகலெடுத்து அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு படம்தான், யாருக்கும் தெரியாது.

ஃபோன் படம் பெரும்பாலும் 4000 × 3000 அளவில் இருக்கும். 4கே வீடியோவுக்கு 3840 × 2160 போதும். ஆகவே மேலும் கீழும் வெட்ட நிறைய இடமுண்டு. சாய்ந்திருக்கும் அடிவானத்தையும் அப்போதே நிமிர்த்திவிடலாம்.

பின்னோக்கிப் போகும் மேகம்

என் முதல் நல்ல வீடியோவைப் பார்த்தபோது ஆப் ஏதோ கோளாறு செய்துவிட்டது என்றே நினைத்தேன். கீழே மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே பாய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் இடைவெளியில், வெகு உயரத்தில், மெல்லிய கீற்று மேகங்கள் எதிர்த் திசையில் ஊர்ந்துகொண்டிருந்தன. கோளாறு இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கீழே வீசுவது மேற்கிலிருந்து வரும் காற்று. ஆனால் 12 கிலோமீட்டருக்கும் மேலே, தென்னிந்தியாவின் தலைக்கு மேல், கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஒரு காற்று ஆறே ஓடுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதை விவரித்து எழுதினார். அவ்வளவு வேகமாக ஓடியும் ஊர்வது போலத் தெரிவதற்குக் காரணம் உயரம்தான், தூரத்து ரயில் மாதிரி.

இதை நீங்களும் எடுக்கலாம். ஜூலையில் மேகம் கிழிந்து கிடக்கும் ஒரு காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பின் கேமரா வானத்தைப் பார்க்கும்படி ஃபோனைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். 4 விநாடி இடைவெளி, 40 நிமிடம், 600 படம். எது மேற்கு என்று பிறகு குழம்பாமல் இருக்க, ஓர் ஓரத்தில் தென்னை மட்டையோ தொட்டியின் விளிம்போ தெரியட்டும்.