கதையில் கொம்பு முளைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவனுக்கென்ன, தலையில் கொம்பா முளைத்திருக்கிறது?" என்று கேட்பது நம் வழக்கம். ஃபேன்டஸி எழுதுகிறவர்களின் கதையில் நிஜமாகவே முளைத்திருக்கும். எருமைத் தலையோடு ஒரு மலைக்கூட்டம், ஆட்டுக்கொம்போடு ஒரு காட்டுக்கூட்டம் என்று வரும் கதைகளை நண்பர்களுக்காக அச்சுக்கு முன் படித்துக் கொடுக்கிறேன். எதற்கு இந்தக் கொம்பு என்று கேட்டால், "மிரட்டலாக இருக்குமே" என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அது கூத்தில் எமன் வேஷக்காரர் கட்டிக்கொண்டு வரும் அட்டைக் கொம்புதான்.

முதல் குழப்பத்துக்குத் தமிழும் ஒரு காரணம். மாட்டுக்கு இருப்பதும் கொம்பு, மானுக்கு இருப்பதும் கொம்பு, காண்டாமிருகத்தின் மூக்கில் நிற்பதும் கொம்பு. தந்தமுள்ள யானையைக் கொம்பன் என்கிறோம். மரக்கிளைகூடக் கொம்புதான். பேச வசதி, கதை எழுத ஆபத்து. மாட்டுக் கொம்பில் உள்ளே எலும்பு, மேலே நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன ஓடு. முளைத்தால் ஆயுளுக்கும் அது ஒன்றுதான், அடியிலிருந்து வளர்ந்துகொண்டே போகும். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருப்பது முழுக்க எலும்பு. வளரும்போது மெல்லிய ரோமத்தோல் போர்த்தியிருக்கும். முற்றியதும் தோல் உரியும், பிறகு ஒருநாள் கொம்பே கழன்று விழும், அப்புறம் புதிதாக முளைக்கும். காண்டாமிருகக் கொம்பில் எலும்பே கிடையாது, மொத்தமும் கெரட்டின்.

ஒரு கதையில் கிளைத்த மான்கொம்புள்ள தளபதி, முப்பது வருஷத்துக்கு முன் போரில் ஒடிந்த கிளையைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். எழுதியவரிடம் சொன்னேன்: அந்தக் கொம்பு விழுந்து இதுவரை எத்தனையோ தடவை புதிதாக வந்திருக்குமே! அவருக்கு மாட்டுக்கொம்பு வைத்தால் அந்த அழுகை பொருந்தும். மான்கொம்புதான் வேண்டுமென்றால் இன்னும் நல்லது. கொம்பு விழுந்த வாரங்களில் அவர் சபைக்கு வருவாரா, தலைப்பாகை கட்டி மறைப்பாரா? எதிரி நாள் குறிப்பது அந்த வாரத்துக்குத்தானா? கதை தானாக நகரும்.

இரண்டாவது தவறுதான் பெரியது: கொம்பு எதிரியைக் குத்துவதற்கு என்று நினைப்பது. புலி, ஓநாய், கரடி என்று இன்றிருக்கும் வேட்டைப் பாலூட்டி எதற்கும் கொம்பு இல்லை. அது மேய்கிற கூட்டத்தின் சொத்து. அங்கேயும் புலியைக் குத்துவது உபரி வேலை. முக்கிய வேலை, சொந்த இனத்து இன்னொரு ஆணோடு பலம் பார்ப்பது. வெளிமான் கிடாக்கள் மோதும்போது முறுக்குக் கொம்புகளைக் கோத்துக்கொண்டு தள்ளும். அந்த முறுக்கு எதிராளியின் கொம்பு வழுக்காமல் பிடிக்கத் தோதானது. கொல்வது மட்டுமே நோக்கமென்றால் ஈட்டி மாதிரி நேர்க்கொம்பு போதுமே.

அதிலும் உங்கள் ஆட்கள் இரண்டு காலில் நடக்கிறார்கள், கையில் வாள் பிடிக்கிறார்கள். தலையைக் குனிந்து முட்டப் போனால் பிடரியைக் காட்ட வேண்டும், எதிரியும் கண்ணுக்குத் தெரியமாட்டான். மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குகைக்குப் போனால் மகிடனைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பல்லவச் சிற்பி எருமைத் தலையை மனித உடலில் பொருத்தியிருக்கிறார். ஆனால் அவன் முட்ட வரவில்லை. கையில் பெரிய கதாயுதம். கை இருப்பவனுக்கு ஆயுதம் கையில்தான். அவன் யார் என்று சொல்வதற்குத்தான் தலையில் கொம்பு. ஆகவே "இந்தக் கொம்பால் யாரைக் கொல்வார்கள்" என்று யோசிக்காமல், "இந்த ஊரில் யாரோடு யார், எதற்காகத் தலையை மோதிக்கொள்கிறார்கள்" என்று யோசியுங்கள். பெண்ணுக்கா, மேய்ச்சல் நிலத்துக்கா, பஞ்சாயத்தில் முன்னால் உட்காரவா?

பெண்கள் விஷயத்தில் பலர் சோம்பல்படுகிறார்கள். ஆணுக்கு வளைந்த பெருங்கொம்பு, பெண்ணுக்கு அலங்காரமாக இரண்டு முளை. நம் வரையாட்டில் பெட்டைக்கும் ஒழுங்கான கொம்பு உண்டு. வடதுருவப் பகுதியின் பனிமான்களில் கிடாக்கள் சண்டைப் பருவம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடும். சினைப் பெட்டைகளோ குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, பனியைத் தோண்டிக் கண்டெடுத்த தீனியை அதை வைத்துத்தான் காத்துக்கொள்ளும். அங்கே மார்கழியில் யார் சொல் செல்லும் என்று பாருங்கள்!

கொம்பு இலவசம் என்று நினைப்பதும் தவறுதான். வட அமெரிக்காவின் பெருங்கொம்பு ஆட்டுக் கிடாவின் தலையில் 14 கிலோ வரை கொம்பு இருக்கும். அதைத் தாங்கக் கழுத்து வேண்டும். ஒல்லிக் கழுத்து இளவரசனுக்கு அதை வைத்து ஓவியம் வரைந்தால் எனக்குச் சுளுக்குதான் ஞாபகம் வருகிறது. உள் எலும்பில் ரத்தம் ஓடுவதால் சூடும் வெளியேறும். வெயில் நாட்டுக்கு அது லாபம். குளிர்நாட்டு ஆடுகளில் ஓடு தடித்து, உள் எலும்பு சிறுத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் கணக்கு உண்டு. தலை வழியாக மாட்டும் பனியன் அந்த ஊரில் விற்காது. துண்டும் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும்தான். ஒருக்களித்துப் படுக்க முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பும்போது ஜாக்கிரதை.

உயிருள்ள கொம்பை மரக்கட்டை போல எழுதுவார்கள் சிலர். சின்ன வயதில் எங்கள் பாட்டி வீட்டுப் பசு கொம்பைக் கம்பிக் கதவில் மாட்டிக்கொண்டு இழுத்ததில் ஓடு அப்படியே கழன்று கதவில் தொங்கியது. அது வெறும் ஓடு, உள்ளே வெற்றுக் குழல். பசுவின் தலையிலோ சிவப்பாக, ஈரமாக, ரத்தம் கசியும் எலும்பு. பாட்டி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவத் தொட்டபோது அது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. புது ஓடு மெல்ல வந்தது, கோணலாக. வளர்ந்த மாட்டுக்கு அடியோடு ஒடிந்தால் நெற்றிக்குள் இருக்கும் காற்றறையே திறந்துவிடும். உங்கள் வீரன் கொம்பு ஒடிந்தபின் அதே பக்கத்தில் எழுந்து வசனம் பேசுகிறானா? அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதிவிடுங்கள்.

யாரும் பயன்படுத்தாத ஒன்று, கொம்பின் வளையம். பசு ஒவ்வொரு முறை சினையாகி ஈனும்போதும் உடம்பின் சத்து கன்றுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் கொம்பு தடுமாறி வளர்வதால் ஒரு பள்ளம் விழும். மாட்டுச் சந்தையில் விவரமானவர்கள் விரலால் தடவியே எத்தனை ஈற்று என்று சொல்வார்கள். விற்பவர் "ரெண்டாம் ஈத்துதாங்க" என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, வாங்க வந்தவரின் விரல் ஐந்தாவது வளையத்தில் நிற்கும்.