விற்றுத் தொலைப்பதா, ரிப்பேர் செய்வதா? பழைய காரில் பலரும் செய்யும் தவறுகள்

இந்த முடிவைத் தப்பாக எடுப்பதற்கென்றே ஒரு நேரம் உண்டு. கார் நடுரோட்டில் நின்று, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்து, இழுவை வண்டி வந்து அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போன நாள்தான் அது. அன்று இரவு வீட்டில் யாராவது, "முதல்ல இதை வித்துத் தொலைங்க" என்பார்கள். நாமும் தலையாட்டுவோம். இரண்டு நாளில் மெக்கானிக் சின்ன வேலைதான் என்று சொல்லி ஓடவைத்துக் கொடுத்ததும் அதே வாய், "என்ன இருந்தாலும் தங்கமான வண்டி" என்று சொல்லும். இரண்டு பேச்சிலும் கோபமோ சந்தோஷமோ இருக்கிறதே தவிர கணக்கு கிடையாது. நின்ற அன்று விற்க முடிவெடுக்க வேண்டாம், ஓட ஆரம்பித்த அன்று வைத்துக்கொள்ளவும் முடிவெடுக்க வேண்டாம். ஒரு வாரம் ஆறட்டும்.

அந்த ஒரு வாரம் வண்டியை ஓட்டலாமா என்பது பழுதைப் பொறுத்தது. ஏ.சி. வேலை செய்யவில்லையா, தாராளமாக ஓட்டுங்கள். வெப்பமுள் சிவப்பைத் தொடுகிறது, ஆயில் விளக்கு எரிகிறது, பிரேக் மிதி உள்ளே போகிறது என்றால் சாவியை எடுத்து மாட்டிவிடுங்கள். சூடேறும் என்ஜினை 'பக்கத்தில்தானே' என்று ஓட்டிப் போய், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டியதை, என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைவதுவரை கொண்டுபோய் விட்டவர்கள் நிறைய. அலுமினிய ஹெட் அதிக சூட்டைத் தாங்காது.

என்ன பழுது என்றே தெரியாமல் முடிவெடுப்பது

என்னைக் கேட்டால் மற்றத் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது.

என்னிடம் இருந்த ஒரு கார், தினமும் ஓட்டினால் ஒரு குறையும் சொல்லாது. நாலு நாள் சும்மா நிறுத்தினால் செல்ஃப் எடுக்காது. முதலில் பேட்டரி மாற்றினார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். அப்புறமும் அதே. மூன்றாவது தடவை, "வயரிங் மொத்தமும் போச்சு சார், வித்துடுங்க" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். நானும் விற்கத் தயாராகி, ஒரு நாள் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிக்கி மூடியின் இடுக்கில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து, டிக்கியை மூடித் திறந்து பார்த்தேன். வீடியோ முழுக்க விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பூட்டில் இருக்கிற சிறு சுவிட்ச் தேய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர். என் பேட்டரியின் கொள்ளளவு 45. நாலு நாளில் கிட்டத்தட்ட முழுவதும் காலி. பூட்டி வைத்த கார் ஒன்று பொதுவாக இழுக்கும் மின்சாரம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரோடு மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, காரில் உள்ள கம்ப்யூட்டர்கள் அடங்க அரைமணி நேரம் விட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எந்த இடத்தில் கசிகிறது என்று தெரிந்துவிடும். அந்த அரைமணி நேரப் பொறுமை யாருக்கும் இல்லாததால் ஒரு பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர் தண்டம். வண்டியும் கைவிட்டுப் போகப் பார்த்தது.

ஸ்கேன் கருவி காட்டும் எண்ணைப் பழுதின் பெயர் என்று நினைப்பதும் இதே ரகம். பி0420 என்று வந்தால் 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு' என்று, புகையைச் சுத்தம் செய்யும் அந்த விலை உயர்ந்த பாகத்தைக் கைகாட்டுவார்கள். அந்த எண் சொல்வது கன்வெர்ட்டரின் செயல்திறன் எல்லைக்குக் கீழே தெரிகிறது என்பதை மட்டும்தான். எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை இருந்தாலும், பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும் அதே எண் வரலாம். பி0171 வந்தால் என்ஜினுக்குள் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையில் காற்று அதிகம் என்று பொருள். காரணம் விரல் தடிமன் ரப்பர் ஹோஸ் ஒன்றில் விழுந்த வெடிப்பாகவும் இருக்கலாம்.

சூடேறுவதும் அப்படித்தான். மலிவான காரணத்திலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்: கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, ரேடியேட்டர் மூடி, ஃபேன் ரிலே, திறக்காமல் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கடைசியில் என்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட். எடுத்த எடுப்பில் ஹெட் கேஸ்கட் என்று ஒருவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று பார்க்க நீல நிற திரவம் ஒன்று உண்டு. வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். சில நிமிட வேலை. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்தினால் உடனே நம்ப வேண்டியதில்லை. குளிர் காலத்தில் குறைந்த தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆனால் இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுத்தவுடன் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம் போகும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கும்போது சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள் என்று சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ரிங் என்றால் என்ஜினைப் பிரிக்கிற வேலை. வால்வு சீல் அதைவிட எவ்வளவோ சின்னது. விற்பதா வேண்டாமா என்பதே இந்த ஒரு ஸ்பூன் ஆயிலில் தீர்மானமாகலாம்.

ஆக, மெக்கானிக்கிடம் 'எவ்வளவு ஆகும்' என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, 'இதுதான் பழுது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்' என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் இன்னொருவரிடம் காட்டுங்கள். சோதிப்பதற்குத் தனிக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அப்புறம் ஒன்று. வண்டி தேறாது என்று சொன்னவரே, "நானே எடுத்துக்கறேன், பார்த்துக் கொடுங்க" என்றால், அவருக்கு மட்டும் விற்காதீர்கள்.

பாதி விலைக்கு மேல் போனால் விற்றுவிடு என்னும் விதி

ரிப்பேர் செலவு காரின் மதிப்பில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று ஒரு விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற நம் பழமொழியும் அதற்கு ஒத்துப் பாடும். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கில் பல சமயம் தப்பு.

நல்ல நிலையில் உங்கள் காரின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேருக்கு 50. விதிப்படி விற்க வேண்டும். ஆனால் பழுதோடு விற்றால் யார் 100 தருவார்கள்? வாங்குகிறவர் ரிப்பேர் செலவையும், தெரியாத பழுதுக்கான பயத்தையும் சேர்த்துக் கழித்துக்கொண்டு 40 தருவார். (விளம்பரத்தில் ஓடும் வண்டிக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்த்து, அதுவே தனக்கும் கிடைக்கும் என்று நினைப்பதுதான் இங்கே விழுகிற முதல் குழி.) அந்த 40-ஐ வைத்துக்கொண்டு இதே தரத்தில் இன்னொரு கார் வாங்க 100 வேண்டும். பெயர் மாற்றும் செலவு, வாங்கியவுடன் செய்யும் சர்வீஸ், தேய்ந்த டயர், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைக்கும் பெல்ட்) எல்லாம் சேர்த்து இன்னொரு 20. கையை விட்டுப் போவது 80. ரிப்பேர் செய்தால் போவது 50, கூடவே உள்ளும் புறமும் தெரிந்த வண்டி மிச்சம்.

இதே கணக்கு சட்டென்று திரும்பவும் செய்யும். இந்த 50 செலவழித்த பிறகு ஆறு மாதத்தில் கிளட்சுக்கும் சஸ்பென்ஷனுக்கும் இன்னொரு 40 நிச்சயம் என்று தெரிந்தால், 90 ஆகிவிடுகிறது. அப்போது விற்பதுதான் சரி. எனவே இன்றைய பழுதை மட்டும் காட்டிவிட்டு வராமல், வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடுத்த ஒரு வருஷத்தில் வேறு என்னென்ன வரும் என்று ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

கார் கடனின் மாதத் தவணையோடு ரிப்பேரை ஒப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மாத ரிப்பேர் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அதைத் தவணைக்குப் பக்கத்தில் வையுங்கள். புது வண்டியின் கூடுதல் இன்ஷூரன்ஸ், முதல் சில வருஷங்களில் வேகமாகச் சரியும் விலை இரண்டையும் அந்தப் பக்கம் சேர்க்க மறக்காதீர்கள். பழைய கார் விழ வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே விழுந்துவிட்டது.

அந்த ரிப்பேர் கணக்கில் எதைச் சேர்ப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. டயர், பேட்டரி, பிரேக் பேட், டைமிங் பெல்ட் இவையெல்லாம் தேய்மானச் சாமான்கள், நல்ல வண்டிக்கும் வரும். டைமிங் பெல்ட்டை என்ஜினைப் பொறுத்து 60,000 கி.மீ. முதல் 1,60,000 கி.மீ. வரையிலான ஏதோ ஒரு கட்டத்தில் மாற்றச் சொல்வார்கள். அதை மாற்றியதற்காகக் காரைத் திட்டுவது நியாயமில்லை. மாற்றாமல் விட்டு, பெல்ட் அறுந்து, பல என்ஜின்களில் நடப்பதுபோல் வால்வும் பிஸ்டனும் மோதினால் அது நம் கணக்கு. தகராறு வண்டி என்று சொல்ல வேண்டியது, சரிசெய்த அதே பழுது மூன்றாவது தடவையும் திரும்பி வருவதை.

'இவ்வளவு போட்டாச்சே'

போன வருஷம் கியர் பாக்ஸுக்கு அவ்வளவு செலவு செய்தோம், இப்போது எப்படி விற்பது? நான் அடிக்கடி கேட்கும் வாதம் இது. அந்தப் பணம் போனது போனதுதான். விற்றாலும் வராது, வைத்துக்கொண்டாலும் வராது. இனிமேல் போகும் பணத்தை மட்டும் எண்ணுங்கள். ஆனால் கியர் பாக்ஸ் புதிதாக இருப்பது ஒரு லாபம்தான், அடுத்த வருஷப் பட்டியலில் அந்த ஒரு வரி இல்லை. அதை அப்படி எண்ணலாம்.

யோசிக்காமல் விட்டுவிட வேண்டிய வண்டிகளும் உண்டு. கதவில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் அழகுப் பிரச்சினை. சேஸிஸ், கதவுக்குக் கீழே ஓடும் பாக்ஸ், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் கூடு இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மோதலில் அந்த உடம்பு தாங்காது. வெள்ளத்தில் டாஷ்போர்டுவரை மூழ்கிய வண்டியும் அப்படியே. இன்று காய்ந்து ஓடும், மாதங்கள் கழித்து வயரிங் இணைப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்து உயிரை வாங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் தயாரிப்பே நின்றுபோன மாடலும் இந்த வரிசைதான்.

செலவழிக்கும் முன் சேஸிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பு நிறுவனத்திடம் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். இன்றைய கார்களில் அது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. குறைபாடு என்று நிறுவனமே அறிவித்துத் திரும்ப அழைத்த பாகமாக இருந்தால் பொதுவாக இலவசமாக மாற்றிக்கொடுப்பார்கள். தகாட்டா என்ற நிறுவனம் தயாரித்த ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் அப்படி அழைக்கப்பட்டன. நாம் இரண்டாவது கையா மூன்றாவது கையா என்பது அங்கே தடையில்லை, அழைப்பு வண்டிக்குத்தான்.

விற்பது என்று முடிவான பிறகு

பெரிய வேலையை முடித்து விற்றால் நல்ல விலை வரும் என்று நினைத்து ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். என்ஜின் வேலைக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதிதான் விலையில் திரும்பும். பட்டி பார்த்துப் புதுசாகப் பெயின்ட் அடித்தால் இன்னும் மோசம், எங்கே இடித்தார்கள் என்றுதான் வாங்குகிறவர் தேடுவார். உள்ளே சுத்தம் செய்யுங்கள், எரியாத பல்பை மாற்றுங்கள், சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் போடுங்கள், போதும்.

செக் என்ஜின் விளக்கை ஸ்கேன் கருவியால் அழித்துவிட்டுக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அழித்தவுடன் காரின் சுயசோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். விவரம் தெரிந்தவர் தன் கருவியைச் செருகினால் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார். பிடிக்காவிட்டாலும், தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்டுவது தப்பு. பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ உள்ள பழுதென்றால் அது உயிர் விஷயம். பழுதை எழுதியே கொடுத்து, அதற்கேற்ற விலைக்கு விற்றால் நாளைக்கு யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். பணம் கைக்கு வந்ததும் உரிமை மாற்றத்தையும் கையோடு முடித்துவிடுங்கள். பேப்பரில் உங்கள் பெயர் இருக்கிறவரை அபராதம் உங்களுக்குத்தான் வரும்.

விற்கவும் இல்லை, ரிப்பேரும் செய்யவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று கவர் போட்டு மூடி வைப்பவர்களும் இருக்கிறார்கள். பேட்டரி தன்னால் இறங்கி சல்ஃபேட் படிந்து செத்துப்போகும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், டேங்கில் பெட்ரோல் கெடும், எலி வயரைக் கடிக்கும். ஆறு மாதம் கழித்துக் கவரை எடுக்கும்போது 40 கொடுக்க வந்தவர் 25-க்கு வந்திருப்பார். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள், டயரில் காற்றைச் சரியாக அடைத்து வையுங்கள், மெக்கானிக் கொடுத்த பட்டியலின் மேலேயே முடிவெடுக்கும் தேதியையும் எழுதி வையுங்கள்.